செப்பியா நிறச்சாயல்

செப்பியா நிறச்சாயல் என்பது கருப்பு-வெள்ளை ஒளிப்படம் ஒன்றின் கருமையும் சாம்பலும் செம்பழுப்பாகத் தோன்றும்படி செய்யும் ஒளிப்படவியல் முறையும், அம்முறையால் கிடைக்கும் நிறத்தோற்றமும் ஆகும். தொடக்கத்தில் இது இருட்டறையில் வேதிப்பொருட்களைக் கொண்டு செய்யப்பட்டது. படத்தில் உள்ள வெள்ளி உலோகத்தை எளிதில் சிதையாத வெள்ளி சல்பைடாக மாற்றியதால், அது படத்தின் ஆயுளையும் நீட்டித்தது. இன்று இதே தோற்றம் பெரும்பாலும் கணினியிலோ கைபேசியிலோ ஒரு கணக்கீட்டின் மூலம் பெறப்படுகிறது. இக்கணக்கீட்டில் படத்தின் ஆயுள் கூடுவதில்லை. மாறாக அதிலிருந்த நிறத் தகவல் நீங்கிவிடுகிறது.

பழைய கட்டடங்கள், பழைய ஊர்திகள், ஊர்த் தெருக்கள் ஆகியவை செப்பியாவில் மிகுதியாகப் படமெடுக்கப்படுகின்றன. தெருவோரம் நிறுத்தப்பட்ட மிதிவண்டி இவற்றுள் பரவலாகக் காணப்படும் ஒன்று. இக்கட்டுரை செப்பியாவின் வேதியியலையும் கணக்கீட்டையும் விளக்கியபின், விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற வறண்ட நிலப்பகுதியில் தொழிலுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, செப்பியா எதைக் காக்கிறது, எதை நீக்குகிறது என்பதை விவரிக்கிறது.

பெயர்க்காரணம்

செப்பியா என்பது கணவாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கணவாய் தன்னைத் தாக்க வரும் உயிரினங்களிடமிருந்து தப்புவதற்காக நீரில் பீய்ச்சும் கரும்பழுப்பு மை, வரைவதற்கும் எழுதுவதற்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பிய ஓவியர்கள் இம்மையை நீர்வண்ணமாகப் பரவலாகக் கையாண்டனர். கணவாய்களின் ஒரு பேரினத்துக்கு விலங்கியலிலும் செப்பியா என்பதே பெயராகும். தமிழகத்தின் மன்னார் வளைகுடாக் கரையில் பிடிபடும் கணவாய்களுள் இப்பேரினத்தைச் சேர்ந்தவையும் உண்டு.

ஒளிப்படத்தில் பயன்படும் செப்பியாவுக்கும் கணவாய் மைக்கும் வேதியியல் தொடர்பு ஏதும் இல்லை. நிறத்தின் ஒற்றுமையால் மட்டுமே இப்பெயர் வந்தது.

வேதிமுறை

கருப்பு-வெள்ளை அச்சுப் படத்தில் கருமையாகத் தெரிவது, கூழ்ப்பொருளான செலட்டின் படலத்தில் பதிந்துள்ள மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் ஆகும். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள், ஆக்சிசனேற்றம் செய்யும் வளிமங்கள், ஈரப்பதம், வெப்பம் ஆகியவை இத்துகள்களைத் தாக்கும்போது படம் மங்குகிறது, மஞ்சளாகிறது, அல்லது அதன் ஓரங்களில் கண்ணாடி போன்ற பளபளப்பு படர்கிறது. வெள்ளியை முன்கூட்டியே கட்டுப்பாடான முறையில் வெள்ளி சல்பைடாக மாற்றிவிட்டால் இத்தகைய தாக்குதல்களை அது பெரிதும் தாங்கும். செப்பியா முறையின் அடிப்படை இதுவே.

பரவலாகக் கையாளப்பட்ட மறைமுக முறையின் படிகள் பின்வருமாறு:

1. முழுமையாகக் கழுவப்பட்ட அச்சுப் படம், பொட்டாசியம் பெரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த வெளுப்புக் கரைசலில் இடப்படுகிறது. வெள்ளி உலோகம் வெள்ளி புரோமைடாக மாறுகிறது. படம் ஏறக்குறைய மறைந்து, மெல்லிய மஞ்சள் தடமாக மட்டும் நிற்கும்.
2. வெளுப்புக் கரைசலின் மஞ்சள் நிறம் நீங்கும் வரை படம் ஓடும் நீரில் கழுவப்படுகிறது.
3. பின்னர் சோடியம் சல்பைடுக் கரைசலில் இடப்படுகிறது. வெள்ளி புரோமைடு வெள்ளி சல்பைடாக மாற, மறைந்த படம் பழுப்பு நிறத்தில் மீண்டும் தோன்றுகிறது.
4. இறுதியாக மீண்டும் நன்கு கழுவி உலர்த்தப்படுகிறது.

சோடியம் சல்பைடுக் கரைசல் அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைடு வளிமத்தை வெளியிடும். இவ்வளிமம் நச்சுத்தன்மை உடையது. அருகில் உள்ள, இன்னும் பயன்படுத்தப்படாத ஒளிப்படத் தாள்களையும் கெடுக்கும். எனவே இவ்வேலை காற்றோட்டமான இடத்தில், பிற தாள்களிலிருந்து விலக்கிச் செய்யப்பட்டது. நாற்றமற்ற மாற்றாகப் பிற்காலத்தில் தயோயூரியாவும் சோடியம் ஐதராக்சைடும் கலந்த கரைசல் வழக்கில் வந்தது. இக்கலவையில் காரத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதன் மூலம் இளமஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து அடர்பழுப்பு வரை வேண்டிய நிறத்தைப் பெறலாம்.

வெளுப்புக் கரைசலிலிருந்து படத்தை முன்னதாகவே எடுத்துவிட்டால் வெளிர்பகுதிகள் மட்டும் பழுப்பாகி, இருண்ட பகுதிகள் கருப்பாகவே நிற்கும். இது இரட்டைத் தொனி எனப்படும். வெளுக்காமல் நேரடியாகக் கந்தகமேற்றும் முறைகளும் உண்டு. சூடான ஐப்போ-படிகாரக் கரைசலில் படத்தை நீண்ட நேரம் இடுவது அவற்றுள் ஒன்று.

வரலாறு

ஒளிப்படக் கண்டுபிடிப்பு 1839 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் முதல் அரை நூற்றாண்டில் எடுக்கப்பட்ட தாள் அச்சுகளில் பெரும்பாலானவை பழுப்பாகத் தெரிகின்றன. ஆயினும் அவை அனைத்தும் செப்பியா முறைக்கு உட்பட்டவை அல்ல. உப்புத் தாள் அச்சிலும், 1850 இல் பிரான்சைச் சேர்ந்த பிளாங்கார்-எவ்ரார் அறிமுகப்படுத்திய முட்டை வெண்கரு அச்சிலும் படம் வெயிலிலேயே நேரடியாகத் தோன்றியது. இவ்வாறு உருவாகும் வெள்ளித் துகள்கள் மிகவும் சிறியவை. ஆதலால் அவை இயல்பாகவே செம்பழுப்பு நிறம் காட்டின. பொன் உப்புக் கரைசலில் தோய்த்தபோது அது ஊதா கலந்த பழுப்பானது.

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் செலட்டின் பூசிய தாள்கள் பரவியபின் படங்களின் இயல்பான நிறம் நடுநிலைக் கருப்பானது. மக்களுக்குப் பழக்கமான வெதுவெதுப்பான நிறத்தை மீண்டும் தருவதற்கும், படம் நீடித்து நிற்பதற்கும் ஒளிப்பட நிலையங்கள் செப்பியா முறையை நாடின. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருமணப் படங்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றுக்கு இது கூடுதல் கட்டணச் சேவையாக இருந்தது. நிற ஒளிப்படம் மலிவானபின் இருட்டறைச் செப்பியா கலைஞர்களின் வட்டத்துக்குள் சுருங்கியது.

தமிழ்நாட்டில்

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த படைத்தலைவர் லின்னேயசு திரைப் 1858 இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். திருமலை நாயக்கர் அரண்மனையின் மிகப் பழைய ஒளிப்படங்களுள் சில அவருடையவை. இவ்வச்சுகளின் பழுப்பு நிறம் அக்கால அச்சு முறையால் வந்தது. மேலே விளக்கப்பட்ட கந்தகமேற்றத்தால் வந்ததன்று.

20 ஆம் நூற்றாண்டில் மதுரை, கும்பகோணம் போன்ற நகரங்களிலும், பின்னர் சிற்றூர்களிலும் ஒளிப்பட நிலையங்கள் தோன்றின. தீட்டப்பட்ட திரைச்சீலையின் முன்னே குடும்பத்தினர் நிற்க, கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி, மிதிவண்டி போன்ற புதிய உடைமைகளும் படத்தில் இடம்பெறுவது உண்டு. வெப்பமும் ஈரமும், அட்டையை அரிக்கும் பூச்சிகளும், நிலையங்கள் மூடப்படும்போது கண்ணாடித் தகடுகள் எடைக்குப் போடப்படுவதும் இப்படங்களின் அழிவுக்குக் காரணங்களாகும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன் தமிழ்நாட்டு ஒளிப்பட நிலையப் படங்களை எண்ணிம வடிவில் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டது.

எண்ணிம முறை

எண்ணிமப் படத்தில் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களால் குறிக்கப்படுகிறது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். செப்பியா தோற்றத்துக்குப் பரவலாகப் பயன்படும் கணக்கீடு பின்வருமாறு. இதில் சி, ப, நீ என்பன முறையே மூலப் படத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் ஆகும்.

புதிய சிவப்பு = 0.393 × சி + 0.769 × ப + 0.189 × நீ
புதிய பச்சை = 0.349 × சி + 0.686 × ப + 0.168 × நீ
புதிய நீலம் = 0.272 × சி + 0.534 × ப + 0.131 × நீ

விடை 255 ஐத் தாண்டினால் 255 எனக் கொள்ளப்படும். இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் வடிப்பான் விளைவுகள் பற்றிய ஆவணத்திலும் செப்பியாவுக்கு இவ்வெண்களே கொடுக்கப்பட்டுள்ளன.

சில நிறங்கள் இக்கணக்கீட்டில் அடையும் மாற்றம்:

தூய வெள்ளை (255, 255, 255) → (255, 255, 239), அதாவது வெளிர்மஞ்சள் தோய்ந்த வெள்ளை
நடுச்சாம்பல் (128, 128, 128) → (173, 154, 120)
தூய மஞ்சள் (255, 255, 0) → (255, 255, 206)
தூய சிவப்பு (255, 0, 0) → (100, 89, 69)
தூய நீலம் (0, 0, 255) → (48, 43, 33)
அடர்பச்சை (0, 130, 0) → (100, 89, 69)

மேலுள்ள பட்டியலில் தூய சிவப்பும் அடர்பச்சையும் ஒரே விடையைத் தருவதைக் காணலாம். மூன்று வாய்பாடுகளிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் பெருக்கெண்கள் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் உள்ளன. ஆகவே மூன்று எண்களாகப் புகும் தகவல் உண்மையில் ஒரே எண்ணாக, அதாவது ஒளிர்வின் அளவாகச் சுருங்கி வெளிவருகிறது. சுருங்கிய எண்ணிலிருந்து மூல நிறத்தைத் திரும்பப் பெற வழியில்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இன்று செப்பியா படங்களுக்கு நிறம் தருகின்றன எனினும், அவை தருவது ஊகமே அன்றி மீட்பு அன்று.

கைபேசிகளில் இவ்வகை வடிப்பான்கள் பரவுவதற்கு, 2010 அக்டோபரில் தொடங்கப்பட்ட இன்ஸ்டாகிராம் போன்ற செயலிகள் முக்கியக் காரணமாயின.

தெருவில் மிதிவண்டியைப் படமெடுத்தல்

மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டி

இன்றைய மிதிவண்டியின் அடிப்படை வடிவம் 1885 இல் இங்கிலாந்தில் சான் கெம்ப் இசுடார்லி விற்பனைக்குக் கொண்டுவந்த ரோவர் வண்டியிலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் விடுதலைக்குப் பின் உள்நாட்டு உற்பத்தி பெருகியது. தமிழ்நாட்டில் முருகப்பா குழுமமும் பிரித்தானிய நிறுவனம் ஒன்றும் இணைந்து 1949 இல் நிறுவிய டி. ஐ. சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூரில் மிதிவண்டிகளை உருவாக்கத் தொடங்கியது.

தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியை உரிமையாளர் தம் விருப்பத்துக்கோ தேவைக்கோ ஏற்ப மாற்றுவது உலகெங்கும் உண்டு. 1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் உயர்ந்த கைப்பிடியும் நீண்ட இருக்கையும் வைத்து வண்டிகளை மாற்றினர். இதைக் கண்டு சுவின் நிறுவனம் 1963 இல் இசுடிங்-ரே என்னும் வண்டியை வெளியிட்டது. அங்கு அழகும் தனித்துவமும் நோக்கமாக இருந்தன. தமிழ்நாட்டின் ஊர்களில் இம்மாற்றம் பெரும்பாலும் தொழிலுக்காகவும் வீட்டுத் தேவைக்காகவும் செய்யப்பட்டது.

அருப்புக்கோட்டை நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். அதன் கிழக்கே திருச்சுழியை நோக்கிச் செல்லும் நிலம் மழை குறைந்த கரிசல் காடும் கண்மாய்களும் சீமைக் கருவேலமும் நிறைந்தது. இத்தகைய வட்டாரங்களின் மிதிவண்டிகளில் காணத்தக்க மாற்றங்கள் சில:

* குடிநீர் எடுத்துவர, கேரியரின் இருபுறமும் குடங்களைத் தொங்கவிட வளைத்துப் பற்றவைத்த இரும்புக் கம்பிச் சட்டம்.
* நூல் மூட்டை, சேலைக் கட்டு, விறகு போன்ற சுமைகளுக்காக அகலப்படுத்தப்பட்ட கேரியர். எடையைத் தாங்க முன்கவையில் சேர்க்கப்பட்ட கூடுதல் கம்பிகள்.
* சாணை பிடிப்பவரின் வண்டி. இதில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கும்போது, பின்சக்கரத்தின் சுழற்சி ஒரு வார் வழியாகச் சாணைக்கல்லுக்குச் செல்கிறது.
* ஐஸ் விற்பவரின் மரப்பெட்டி, தேநீர் விற்பவரின் பாத்திரம் ஆகியவற்றைக் கட்டுவதற்கான தட்டு.
* குழந்தை அமர நடுக்கம்பியில் பொருத்தப்பட்ட சிறு இருக்கை.
* கால் ஊன்ற இயலாதவர்கள் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி.

இவ்வேலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஊரின் சைக்கிள் கடைக்காரரும் வெல்டிங் பட்டறைக்காரரும் ஆவர். வரைபடம் ஏதும் இன்றி, வண்டிக்காரர் சொன்ன அளவுக்குச் செய்யப்பட்ட இம்மாற்றங்களுக்கு எழுத்துப் பதிவு பெரும்பாலும் இல்லை. அவ்வண்டி எடைக்குப் போடப்பட்டபின் எஞ்சுவது, யாரேனும் எடுத்து வைத்திருந்தால், ஓர் ஒளிப்படம் மட்டுமே. மிதிவண்டிப் படம் நினைவுப்பொருளாக மட்டுமன்றித் தொழில்நுட்ப ஆவணமாகவும் ஆவது இக்காரணத்தாலேயே ஆகும்.

படமெடுக்கும் முறை

மிதிவண்டியின் இயங்குபகுதிகளான சங்கிலி, பற்சக்கரம், மிதிக்கட்டை ஆகியவை வலப்புறத்தில் தெளிவாகத் தெரியும். எனவே ஆவண நோக்கில் எடுக்கும் முதற்படம் வலப்பக்கத்திலிருந்து, வண்டிக்கு நேர் செங்குத்தாக எடுக்கப்படுகிறது. ஒளிப்படக்கருவி ஏறத்தாழ நடுக்கம்பியின் உயரத்தில் இருப்பது நன்று. நின்றபடி மேலிருந்து எடுத்தால் சக்கரங்கள் நீள்வட்டமாகத் தெரியும். அகலக்கோண வில்லையை அருகில் வைத்து எடுத்தால் அண்மையில் உள்ள சக்கரம் பெருத்தும் மற்றது சிறுத்தும் காணப்படும். ஆகவே சற்றுப் பின்வாங்கி, முழுச் சட்டக ஒளிப்படக்கருவியில் 50 முதல் 85 மில்லிமீட்டர் வரை குவியத் தொலைவு கொண்ட வில்லையைப் பயன்படுத்துவர். இருபுறக் கால் கொண்ட பெரிய ஸ்டாண்டில் வண்டி நேராக நிற்கும். பக்க ஸ்டாண்டில் அது இடப்புறம் சாய்ந்திருக்கும்.

வறண்ட நிலத்தின் உச்சி வெயில் கடுமையானது. அந்நேரத்தில் வண்டியின் நிழல் அதன் அடியிலேயே விழுந்து, சங்கிலியும் பற்சக்கரமும் இருளில் மறையும். காலை, மாலை வெயிலில் நிழல் நீண்டு விழுவதால் கம்பிகளின் வடிவம் துலங்கும். நிறம் இல்லாத படத்தில் பொருட்களைப் பிரித்துக் காட்டுவது ஒளிர்வு வேறுபாடு ஒன்றே. எனவே செப்பியாவாக மாற்றக் கருதும் படத்துக்குப் பின்னணியின் தேர்வு மிகவும் இன்றியமையாதது. மெருகு மங்காத ஆரக்கம்பிகள் இருண்ட பின்னணியிலும், கருப்புச் சட்டகம் சுண்ணாம்பு அடித்த சுவரின் முன்னும் தெளிவாகத் தெரியும். செங்கல் சுவரின் முன் நிற்கும் சிவப்பு வண்டி நிறப்படத்திலேயே அரைகுறையாகத் தெரியும். செப்பியாவில் அது சுவரோடு கலந்துவிடக்கூடும்.

முழுத் தோற்றத்தோடு, பற்றவைத்த இணைப்புகள், சட்டகத்தில் பொறித்த எண், நிறுவனத்தின் சின்னம், கைப்பிடி ஆகியவற்றின் அண்மைப் படங்களும் எடுக்கப்பட வேண்டும். அளவை அறிய ஓர் அளவுகோலை அருகில் வைப்பது பயன் தரும். முற்காலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் மிதிவண்டிக்கு வரி வாங்கி உலோக வில்லை ஒன்றை வழங்கின. ஆண்டும் ஊரும் பொறித்த அத்தகைய வில்லை வண்டியில் எஞ்சியிருந்தால், அதன் காலத்தை அறிய அது சிறந்த சான்றாகும். தொழிலுக்குப் பயன்படும் வண்டியைப் படமெடுக்குமுன் உரிமையாளரிடம் இசைவு பெறுவதும், அவர் வாயிலாக மாற்றத்தின் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதும் முறையாகும்.

நிறம் நீங்குவதால் இழப்பவை

எடுத்துக்காட்டாக, சட்டகம் சிவப்பாகவும் பின்னால் கட்டிய பெட்டி அடர்பச்சையாகவும் தீட்டப்பட்ட ஒரு வண்டியைக் கொள்ளலாம். மேற்கூறிய பட்டியலில் உள்ள அளவுகள் அவற்றுக்குப் பொருந்துமாயின், செப்பியாவில் சட்டகமும் பெட்டியும் ஒரே பழுப்பாகிவிடும். பெட்டி பின்னர் சேர்க்கப்பட்டது என்பதற்குரிய சான்று இதனால் மறைகிறது. துருவின் செம்மை, பின்னர் பற்றவைத்த கம்பியின் வேறுபட்ட வண்ணப்பூச்சு, பழைய பூச்சின் கீழிருந்து எட்டிப்பார்க்கும் முதற்பூச்சு ஆகியவையும் மறையும். வண்டி நிற்கும் மண் கரிசலா செம்மண்ணா என்பதைக்கூடச் செப்பியா படத்திலிருந்து உறுதியாகச் சொல்ல இயலாது.

செப்பியா காலத்தையும் மயக்குகிறது. பழுப்பு நிறம் பார்ப்பவர் மனத்தில் பழமையைக் குறிப்பதால், இன்று ஓடும் வண்டியும் மறைந்துபோன பொருளாகத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் மிதிவண்டி பழங்காலப் பொருள் அன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெருந்திரளான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பள்ளி மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் மாநில அரசின் திட்டம் 2001-02 இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்வண்டிகளில் பல இன்று வேறு கைகளுக்கு மாறிச் சுமை வண்டிகளாகியிருப்பதைச் சிற்றூர்களில் காணலாம். அத்தகைய வண்டி ஒன்றைச் செப்பியாவில் மட்டும் பதிவு செய்தால், அது 2000களுக்குப் பிந்தியது என்னும் முதன்மைச் செய்தி படத்தில் இராது.

எனினும் வடிவத்தை முன்னிறுத்துவதில் செப்பியாவுக்குத் தனிப் பயன் உண்டு. தெருவில் உள்ள விளம்பரப் பலகைகள், நெகிழிக் குடங்கள், சுவரொட்டிகள் ஆகியவற்றின் நிறங்கள் கண்ணை ஈர்க்காததால், சக்கரங்களின் வட்டமும் சட்டகத்தின் முக்கோணங்களும் நிழலும் மேலோங்கித் தெரிகின்றன. ஆன்றி கார்த்தியே-பிரசோன் 1932 இல் பிரான்சின் இயேர் நகரில் எடுத்த, சுழற்படிக்கட்டின் கீழே மிதிவண்டி விரையும் புகழ்பெற்ற படம் கருப்பு-வெள்ளையில் அமைந்தது. நிறமின்மை வடிவத்துக்கு எவ்வாறு துணைசெய்கிறது என்பதற்கு அது சான்றாகும்.

பழைய படத்தை வேறுபடுத்தி அறிதல்

பழுப்பு நிறப் படம் ஒன்று உண்மையிலேயே பழையதா, அண்மையில் கணினியில் மாற்றப்பட்டதா என அறியச் சில குறிப்புகள் உதவும்.

* நீல நிறத்தின் தோற்றம்: 19 ஆம் நூற்றாண்டின் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. அவற்றில் நீல வானம் வெளுத்தும், சிவப்புப் பொருட்கள் ஏறக்குறையக் கருத்தும் தெரியும். 1873 இல் செருமானிய வேதியியலாளர் எர்மான் வோகல் சாயங்களைச் சேர்த்துப் பச்சையையும் உணரச் செய்யும் வழியைக் கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தன. இன்றைய கணக்கீட்டில் இந்நிலை தலைகீழானது. தூய நீலம் சிவப்பைவிட இருண்டு தெரிகிறது. நீல வண்ணம் தீட்டிய மிதிவண்டி மிக வெளிறித் தெரிந்தால் அது பழைய தகட்டின் இயல்போடு ஒத்துப்போகும்.
* தாளின் பின்புறம்: ஒளிப்பட நிலையத்தின் முத்திரையில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், அந்த அச்சு 1972 ஆகத்து 15 இல் அம்முறை தொடங்கியபின் வந்தது. அருப்புக்கோட்டை இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ளதாக அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் 1985 இல் மாவட்டம் பிரிக்கப்படுமுன் செய்த முத்திரையாகும்.
* சிதைவின் தன்மை: உண்மையான பழைய அச்சில் மங்கல் சீராக இராது, ஓரங்களிலும் விரல் பட்ட இடங்களிலும் மிகுந்திருக்கும். கணினிச் செப்பியாவில் பழுப்பு எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும்.
* வண்டியின் உறுப்புகள்: கம்பித் தடையா, கம்பிவடத் தடையா, நெகிழி மிதிக்கட்டையா, ரப்பர் மிதிக்கட்டையா என்பனவும் காலத்தைக் காட்டும். ஆயினும் மாற்றியமைக்கப்பட்ட வண்டியில் பல காலத்து உறுப்புகள் கலந்திருக்கும். எனவே அவற்றுள் மிகப் புதிய உறுப்பே படத்தின் கால எல்லையை முடிவு செய்யும்.

சரியாகக் கழுவப்படாத கருப்பு-வெள்ளைப் படங்களில் எஞ்சிய ஐப்போவும் காலப்போக்கில் வெள்ளியைச் சல்பைடாக்கி மஞ்சள் கறையை உண்டாக்கும். செப்பியா முறையில் விரும்பி உண்டாக்கப்படும் அதே சேர்மம், இங்கு கட்டுப்பாடின்றித் தோன்றிப் படத்தைக் கெடுக்கிறது.

திரைப்படங்களில்

1939 இல் வெளிவந்த தி விசார்ட் ஆஃப் ஓசு என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் கான்சாசு ஊர்க் காட்சிகள் செப்பியாவிலும் கற்பனை நாட்டுக் காட்சிகள் முழு நிறத்திலும் அமைந்தன. 1969 இல் வெளிவந்த புட்ச் கேசிடி அண்டு தி சன்டான்சு கிட் செப்பியா காட்சிகளுடன் தொடங்கி, செப்பியாவாக மாறும் உறைந்த காட்சியுடன் முடிகிறது. அதன் நடுவே வரும் பெயர்பெற்ற மிதிவண்டிக் காட்சி நிறத்திலேயே உள்ளது. தமிழ்த் திரைப்படங்களிலும் கடந்தகால நிகழ்ச்சிகளைக் காட்டப் பழுப்புச் சாயல் பயன்படுத்தப்பட்டுள்ளது.

பாதுகாப்பும் பதிப்புரிமையும்

செப்பியா தோற்றம் விரும்பப்பட்டாலும், மூல நிறப்படத்தை மாற்றாமல் தனிக் கோப்பாக வைத்திருப்பதே பாதுகாப்பான நடைமுறையாகும். ஒளிப்படக்கருவியிலேயே செப்பியாவைத் தேர்ந்து ஜேபெக் கோப்பாக மட்டும் சேமித்தால் நிறம் முதலிலேயே இழக்கப்படும். பதப்படுத்தாத மூலக் கோப்பையும் உடன் சேமிக்கும் அமைப்பில் உணரி பதிந்த நிறம் காக்கப்படும். எடுத்த நாள், நேரம், வில்லையின் விவரம் ஆகியவற்றைக் கோப்பினுள்ளேயே பதியும் எக்சிஃப் முறை 1995 இல் உருவானது. பல சமூக ஊடகச் செயலிகள் படத்தைப் பகிரும்போது இத்தகவலை நீக்கிவிடுவதால், நாள், ஊர், தெரு, வண்டியின் பயன் ஆகியவற்றைத் தனியே எழுதிவைத்தல் வேண்டும்.

செப்பியாவாக மாற்றுவதால் ஒரு படம் பொது உரிமைப் பரப்புக்கு வந்துவிடாது. இந்தியாவில் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012 இல் திருத்தப்பட்டபின், ஒளிப்படத்துக்கான பதிப்புரிமை எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. பழைய படங்களுக்கு உரிமைக் காலத்தைக் கணக்கிட அவை எடுக்கப்பட்ட அல்லது வெளியிடப்பட்ட ஆண்டு தேவைப்படும். புதிய படத்தைப் பழையதாகக் காட்டும் செப்பியா சாயல் இக்கணக்கையும் குழப்பக்கூடும் என்பதால், கலைக்களஞ்சியங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் சேர்க்கப்படும் படங்களில் நிறமாற்றம் செய்யப்பட்ட விவரம் குறிப்பிடப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஒளிப்படவியல்
* கருப்பு-வெள்ளை ஒளிப்படம்
* வெள்ளி சல்பைடு
* கணவாய்
* மிதிவண்டி
* அருப்புக்கோட்டை
* திருச்சுழி
* லின்னேயசு திரைப்